படிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு முழம்

தப்பு செய்தவன் தானாகவே உளறிக் கொட்டினால் 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்கிறோம். செய்தித் தலைப்புகளில்கூட வருகிறது. ஆனால் குதிர் என்றால் என்ன என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். நான் ஒரு கல்லூரி மாணவனைக் கேட்டேன். "குதிரை லாயம் மாதிரி ஏதோ" என்றான். மண்ணால் ஆள் உயரத்துக்கு வனைந்து, மேலே கொட்டிக் கீழே துளை வழியாக எடுக்கிற தானியக் கலம் என்று விளக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்குள்ள அப்பா எப்படி மூச்சு விடுவார்?" என்றான்.

சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அவன் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறான் என்று. தானியம் சேமிக்கிற எந்தக் கட்டடத்துக்கும் முதல் கேள்வி அதுதான். தானியத்துக்கு உயிர் இருக்கிறது, அது மூச்சு விடுகிறது. விடும்போது கொஞ்சம் வெப்பமும் கொஞ்சம் ஈரமும் வெளியே வரும். நன்றாகக் காய்ந்த தானியத்தில் இது கண்ணுக்கும் கைக்கும் தெரியாத அளவு. ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டிப் போகப் போக வேகம் பிடிக்கும். குவியலின் நடுவே கை விட்டால் சுடும், பூஞ்சை பிடிக்கும், வண்டு பெருகும். எனவே களஞ்சியம் கட்டியவன் காற்றை உள்ளே விட வேண்டும். அதே துவாரத்தில் மழைச்சாரல் வரக்கூடாது, குருவி வரக்கூடாது, எலி வரவே கூடாது. உலகம் முழுக்க இந்தக் கட்டடங்கள் நூறு வடிவத்தில் இருப்பதும், கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதும் இதனால்தான்.

என் தொழில் பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது. கோயில், அரண்மனை, கோட்டை என்றால் கேட்காமலேயே ஆள் வருவார்கள். தானியக் கிடங்கு என்றால் என்னை அனுப்புவார்கள். முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது வேறு எதற்கும் போக மனம் வருவதில்லை.

நான் முதன்முதலில் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தது ஒரு சின்ன மரக் களஞ்சியத்தில். ஆறு கல் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் தட்டு மாதிரி ஒரு வட்டக் கல். அந்தக் கற்களின் மேல் உத்தரங்கள், உத்தரத்தின் மேல் பலகை அறை. ஆணி அநேகமாகக் கிடையாது, எல்லாம் துளைத்துச் சொருகி ஆப்பு அடித்தது. ஏறுவதற்குத் தனியாக மூன்று கற்படிகள் இருந்தன. கடைசிப் படிக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. காலை அகட்டி வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். படிகள் சரிந்து விலகிவிட்டன என்று நாங்கள் முடிவு கட்டினோம். பார்க்க வருகிறவர்கள் தடுக்கி விழக்கூடாதே என்று மெனக்கெட்டு, படிக்கட்டை மொத்தமாக நகர்த்தி வாசல் சட்டத்தோடு ஒட்டி வைத்தோம். வேலை முடிந்ததும் படம் எடுத்துக்கொண்டோம். அறிக்கையில் 'படிக்கட்டு மூல நிலைக்குக் கொண்டுவரப்பட்டது' என்று எழுதியது நான்தான்.

இரண்டு மாதம் கழித்துப் போனால் அறைக்குள் எலிப் புழுக்கை. விதைக்காக வைத்திருந்த இரண்டு சாக்குகளின் அடியைக் கத்தரித்திருந்தன. பக்கத்து நிலத்துக்காரர், வயதானவர், வந்து பார்த்தார். படியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எலிக்கும் சேர்த்துல்ல படி கட்டியிருக்கீங்க தம்பி" என்றார்.

அந்த ஒரு முழம் பழுதல்ல. கட்டடத்தின் பூட்டே அதுதான். எலி தூணில் ஏறும், தலைகீழாகத் தட்டுக் கல்லைத் தாண்ட முடியாமல் விழும். படியில் ஏறும், எதிரே வாசலைப் பார்க்கும், நடுவே உள்ள வெற்றிடத்தைத் தாண்டத் தோதில்லாமல் திரும்பும். ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள ஒர்ரேயோ களஞ்சியங்களிலும் நார்வேயின் ஸ்டப்பூர்களிலும் இதே இடைவெளி இருப்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அந்தத் தட்டுக் கல்லுக்கு கலீசியப் பகுதியில் 'டோர்னர்ராட்டோ' என்றே பெயர். எலியைத் திருப்பி அனுப்புவது என்று பொருள். சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் லார்ச் மரக் களஞ்சியங்களுக்கு அடியிலும் இதே வட்டக் கல். தெற்கு இங்கிலாந்தில் காளான் வடிவத்தில் செதுக்கியிருப்பார்கள். பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மலைகளில் கல்லுக்குப் பதில் தூணைச் சுற்றி மரத் தட்டு. இந்தோனேசியாவின் தொராஜா மக்கள் தட்டே வைப்பதில்லை, வழுக்கும் பனை வகை மரத்தில் உருண்டைத் தூண் நட்டுவிடுகிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள். எல்லோருக்கும் ஒரே எலி.

இது எவ்வளவு பழையது? ஜோர்டானில் சாக்கடலுக்கு அருகே த்ரா என்னும் இடத்தில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய வட்டமான மண் களஞ்சியங்களைக் கண்டெடுத்தார்கள். ஆய்வு முடிவு 2009-இல் வந்தது. உள்ளே தரை, மண்ணில் படாமல் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. கீழே காற்று ஓட இடம். அங்கே வைத்திருந்தது பெரும்பாலும் காட்டுத் தானியம். பயிர் இன்னும் முழுதாக வீட்டுப் பயிராக ஆகவில்லை. அதாவது உழவு நிலைபெறும் முன்பே, தரையை உயர்த்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அந்த அறிவைத்தான் நான் அரை நாள் வேலையில் சமன்செய்தேன்.

என்னுடைய எண்ணம் அன்றிலிருந்து மாறவில்லை. இந்தக் கட்டடங்களைக் காப்பாற்றப் போகிறவர்கள் அதன் தோற்றத்தைக் காப்பாற்றிவிட்டு வேலையைக் கொன்றுவிடுகிறோம். களஞ்சியம் ஒரு கருவி. செக்கு மாதிரி, ஏற்றம் மாதிரி. அது எப்படி ஓடியது என்று புரியாமல் துடைத்துப் பளபளப்பாக்கினால், வெளியே களஞ்சியமாகவும் உள்ளே வெறும் பெட்டியாகவும் நிற்கும்.

உதாரணத்துக்குச் சிமென்ட். மண்சுவரோ சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய செங்கல் சுவரோ, மழையில் கொஞ்சம் ஈரத்தை வாங்கும். வெயில் வந்ததும் விட்டுவிடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் பார்க்க உறுதியாக இருக்கும். ஆனால் எங்கேயோ ஒரு மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே தண்ணீர் உள்ளே போகும், போனது வெளியே வர வழியில்லை. அடியிலிருந்து ஏறும் ஈரமும் பூச்சுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். மண்சுவர் உள்ளுக்குள் ஊறி, ஒருநாள் பூச்சு மட்டும் பலகைபோல நிற்க, பின்னால் சுவர் சரிந்து கிடக்கும். நான் ஒரு சுவரில் விரலால் தட்டிப் பார்த்தபோது முரசு மாதிரி ஒலித்தது. பூச்சைப் பெயர்த்தோம். உள்ளே இருந்தது சுவரல்ல, சேறு. சுண்ணாம்பு பூசியிருந்தால் சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டியிருந்திருக்கும், அவ்வளவுதான். அந்த 'மறுபடி'தான் யாருக்கும் பிடிப்பதில்லை. ஒருமுறை செய்து மறந்துவிடக்கூடிய வேலைக்குத்தான் பணம் ஒதுக்குகிறார்கள்.

அடுத்தது சுவர் வயிறு தள்ளுவது. தானியம் சாக்கில் இல்லாமல் அப்படியே கொட்டிக் கிடக்கும்போது பாதித் திடப்பொருள், பாதித் திரவம் மாதிரி நடந்துகொள்ளும். பக்கச் சுவரை வெளியே தள்ளும். ஆனால் தண்ணீரைப் போல ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடிக்கொண்டே போகாது. தானியம் சுவரோடு உராய்ந்து தன் எடையில் ஒரு பங்கைச் சுவர் மேலேயே ஏற்றிவிடும். 1895-இல் யான்சென் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதற்குக் கணக்கு எழுதினார். இன்றும் அதை வைத்துத்தான் தொடங்குகிறோம். கணக்கு எழுதாமலே கட்டியவர்களுக்கும் இது கைப்பழக்கத்தில் தெரிந்திருக்கிறது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் நிற்கிறதே, அது வட்டமாக இருப்பது அழகுக்கு மட்டுமல்ல. சதுர அறையில் தள்ளுவிசை சுவரின் நடுவை வளைக்கும், மூலையைப் பிளக்கும். வட்டத்தில் சுற்றிலும் சமமாகப் பரவிவிடும், பீப்பாய்க்கு வளையம் போட்ட மாதிரி. பாட்னாவின் கோல் கர், 1786-இல் ஜான் கார்ஸ்டின் கட்டி முடித்தது, தேன்கூடு வடிவில் இருப்பதற்கும் இதே நியாயம் பொருந்தும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் விரிசலைப் பார்த்தால் தப்பாகப் படிப்போம். பல விரிசல்கள் தானியம் நிரம்பியிருந்த காலத்தில் விழுந்து, கிடங்கு காலியானதும் அப்படியே நின்றுபோனவை. அவற்றுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். விரிசலின் இரு கரையிலும் குறி வைத்து ஒரு வருடம், முடிந்தால் இரண்டு வருடம் அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வருடக் கணக்கில் காத்திருக்க யாருக்குப் பொறுமை? இரும்புக் கம்பியும் கான்கிரீட் வளையமும் ஏற்றிவிடுகிறார்கள். அந்த எடையில் புது விரிசல் விழுகிறது.

கூரையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓடு விலகினால் அதைச் சரியாக வைக்க வேண்டும். நான் பார்த்த இடிந்த கிடங்குகளில் முக்கால்வாசி, ஏணி வைத்து ஏற ஆள் இல்லாததால் இடிந்தவை. 1877-இல் இங்கிலாந்துக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியபோது, கட்டடத்தைப் பழைய காலத்துக்குத் 'திருப்புகிறேன்' என்று இடித்துப் புதுக்கும் வேலையை விடச்சொல்லி, நாள்தோறும் கவனித்துச் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்றார்கள். மோரிஸ் கொண்டாடிய கட்டடங்களில் ஒன்று கிரேட் காக்ஸ்வெல் கொட்டகை. 1292 வாக்கில் ஒரு மடத்தின் விளைச்சலுக்காகக் கட்டியது. வெளியே கல், உள்ளே காடு மாதிரி மரத்தூண்கள். இன்றும் நிற்கிறது.

நிற்பதற்கு மிகவும் அல்லல்பட்டது ஹார்மண்ட்ஸ்வொர்த் கொட்டகை. 1426-இல் கட்டியது, ஏறக்குறைய 60 மீட்டர் நீளம், ஓக் மரம். பக்கத்தில் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையம். நிலையம் விரிவடைந்தால் இழப்பீடு வரும் என்ற கணக்கில் ஒரு நிறுவனம் 2006-இல் அதை 1 பவுண்டுக்கு வாங்கிப் பூட்டிப்போட்டது. ஓடு நழுவ ஆரம்பித்தது. கடைசியில் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 20,000 பவுண்டு கொடுத்து வாங்கிக் கூரையைச் சரிசெய்தது. 600 வருடக் கட்டடத்தின் விலை ஒரு பழைய கார் விலை. இதில் எனக்குப் பெரிய ஆச்சரியமில்லை. தானியம் இல்லாத களஞ்சியத்துக்குச் சந்தையில் மதிப்பு கிடையாது. மரத்துக்கு இருக்கிறது, கல்லுக்கு இருக்கிறது, மனைக்கு இருக்கிறது. அமெரிக்காவில் பழைய கொட்டகைப் பலகைகளைப் பெயர்த்து உணவகச் சுவரில் அடிக்கிறார்கள். இங்கிலாந்தின் காளான் கற்கள் தோட்ட வாசலில் அழகுக்கு நிற்கின்றன. எலியைத் தடுத்த கல்லின் மேல் இப்போது பூந்தொட்டி.

வேலை ஏன் போனது என்று சொல்ல ஒரே வரி போதும். அறுவடை இயந்திரம் வந்தது. கதிர்க்கட்டை மாதக்கணக்கில் அடுக்கி வைத்து, குளிர்காலம் முழுக்கத் தட்டித் தூற்றிய காலத்தில் எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகளும் நடுவில் களமும் தேவைப்பட்டன. இரண்டு கதவையும் திறந்தால் காற்று குறுக்கே ஓடும், பதர் பறக்கும். வயலிலேயே தானியம் பிரிந்து லாரியில் ஏறிவிட்டால் அந்தக் கதவுகளுக்கு என்ன வேலை? டிராக்டர் உள்ளே போகவும் அகலம் போதாது.

அப்படியானால் என்னதான் செய்வது? வீடாக மாற்றலாம். இங்கிலாந்தில் 2014-லிருந்து, பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடப் பட்டியலில் இல்லாத பண்ணைக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்க விதி இருக்கிறது. நான் இதை முழுசாக எதிர்க்கிறவன் இல்லை. குடியிருப்பவர் இருந்தால் ஓடு நழுவாது. ஆனால் ஜன்னலே இல்லாத சுவரில் எட்டு ஜன்னல், முகடு வரை திறந்த வெளியில் மாடி, குளியலறை, புகைபோக்கி என்று போனபிறகு மிஞ்சுவது கொட்டகையின் சட்டையைப் போட்ட வீடு. நல்ல வீடாகக்கூட இருக்கலாம். அதைக் 'காப்பாற்றினோம்' என்று சொல்லும்போதுதான் எனக்கு நெருடுகிறது.

அருங்காட்சியகத்துக்குத் தூக்கிப்போகலாம். ஆணி இல்லாமல் கோத்த மரக் களஞ்சியத்தைப் பிரித்து எடுத்துப் போவது உண்மையில் எளிது. ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் அதை வண்டி, மாடு மாதிரி அசையும் சொத்தாகவே கருதியிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் 1891-இல் தொடங்கிய ஸ்கான்சன் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நார்வேயிலிருந்து வந்த சேமிப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அழியப்போவதை எடுத்து வைப்பதில் தவறில்லை. இருந்தாலும், எந்தப் பக்கத்துக் காற்றுக்கு எந்தப் பக்கச் சுவரில் துவாரம் விட்டார்கள் என்பது இடம் பெயர்ந்ததும் செத்துப்போகிறது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், களஞ்சியம் வடக்கோ வடகிழக்கோ பார்க்க வேண்டும் என்று எழுதியது சாஸ்திரத்துக்காக அல்ல, குளிர்ச்சிக்காக.

சட்டம் போடலாம். ஸ்பெயின் 1973-இல் கலீசியா, அஸ்தூரியாஸ் பகுதிகளில் 100 ஆண்டைத் தாண்டிய ஒர்ரேயோக்களை இடிக்கவோ நகர்த்தவோ அனுமதி வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நிறையப் போயிருக்கும். ஆனால் இடிக்காதே என்று சொல்கிற சட்டம், ஏறி ஓடு மாற்று என்று யாரையும் கிளப்புவதில்லை. இடிக்காமல் விட்டுவிட்டாலே போதும், மழை பார்த்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. அமெரிக்காவில் 1987-இல் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை ஒரு விவசாய இதழோடு சேர்ந்து 'பார்ன் அகெய்ன்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பழைய கொட்டகையைப் பண்ணை வேலைக்கே திரும்பக் கொண்டுவருவது. புதிதாக இரும்புக் கொட்டகை போடுவதைவிட அதைச் சரிசெய்வது கட்டுப்படியாகும் என்று விவசாயிக்குக் காட்டுவது. அலங்காரம் இல்லாத யோசனை. மொராக்கோவில் கட்டடக் கலைஞர் சலிமா நாஜி, அகாதிர் எனப்படும் கோட்டைக் களஞ்சியங்களை அந்தந்த இடத்துக் கல், மண், அந்தந்த ஊர்க் கொத்தனார்கள் என்று பழுதுபார்த்து வருகிறார். ஒரு மலையுச்சி, ஒரு பொது மதில், உள்ளே குடும்பத்துக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு, எல்லாவற்றுக்கும் ஒரு காவல்காரர். தானியம் மட்டுமல்ல, பத்திரங்கள், நகைகள்கூட அங்கே இருந்திருக்கின்றன. அகாதிர் நகரத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். நம் குதிர் மாதிரி அதுவும் பேச்சில் ஒளிந்துகொண்டது.

பெரிய திட்டம் எதுவும் இல்லாவிட்டால்? விதை வைக்கலாம், வெங்காயம் வைக்கலாம், கருவி வைக்கலாம், ஏணி வைக்கலாம். வாரம் ஒருமுறை யாராவது கதவைத் திறக்க ஒரு சாக்கு வேண்டும். திறந்தால் ஒழுகல் கண்ணில் படும், கரையான் கோடு கண்ணில் படும். ஒன்றும் வைக்காவிட்டால் ஆந்தையாவது இருக்கட்டும். இங்கிலாந்தின் பழைய கொட்டகைகளில் முகட்டுச் சுவரில் கூகை வந்துபோகவே தனியாக ஒரு துளை விடுவார்கள், எலிக்குச் சம்பளமில்லாத காவல். பழுதுபார்க்க வருகிறவர்கள் முதல் வேலையாக அதை அடைப்பார்கள், அசுத்தமாம். அங்கே 1981-இலிருந்து கூகையின் கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். அதனால் கொஞ்சம் பிழைத்தது.

துடைப்பதைப் பற்றியும் ஒன்று. அந்த ஆறு தூண் களஞ்சியத்தின் உள்பலகையில் கதவுக்குப் பக்கத்தில், இடுப்பு உயரத்தில், கத்தி நுனியால் கீறிய கோடுகள் இருந்தன. நான்கு நேர்க்கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நான்கு, குறுக்கே ஒன்று. எண்ணிப் பார்த்தேன், 63. அதன் கீழே தனியாக 41. கோடுகளுக்குப் பக்கத்தில் பலகை வழவழவென்று தேய்ந்திருந்தது. மூட்டையைத் தோளிலிருந்து இறக்குகிறவர் ஒவ்வொரு முறையும் அங்கே கை ஊன்றியிருக்க வேண்டும். 63 நல்ல வருடமா, 41 மோசமான வருடமா, இல்லை இரண்டும் இரண்டு பேரின் பங்கா, தெரியாது. எங்கள் வேலைத் திட்டத்தில் 'உள்பலகைகளை இழைத்து எண்ணெய் பூசுதல்' என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பலகைக்கு மட்டும் வேண்டாம் என்று சண்டை போட்டு நிறுத்தினேன். நான் அந்த வேலையில் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

படிக்கட்டு? பெரியவர் சொன்ன மறுவாரமே நகர்த்தினோம். கற்களை வைத்திருந்த பழைய பள்ளம் மண்ணுக்கடியில் தெளிவாகவே இருந்தது. முன்பே ஒரு சாண் தோண்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய இடத்திலேயே படிகளை உட்கார வைத்தோம். வருகிறவர்கள் விழக்கூடாதென்று, 'படிக்கும் வாசலுக்கும் நடுவே இடைவெளி உள்ளது, கவனம்' என்று நல்ல கெட்டியான பலகையில் எழுதி ஒரு கம்பில் மாட்டினோம்.

போன வருடம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கம்பு மட்டும் இருந்தது. பலகையை யாரோ கழற்றி, வசதியாக இருக்கட்டும் என்று, படியிலிருந்து வாசலுக்குப் பாலமாகப் போட்டிருந்தார்கள். எழுத்து மேல்பக்கம்தான் இருந்தது. 'கவனம்' என்ற சொல்லின் மேல் இரண்டு புழுக்கை.